கரை சேர வேண்டிய சொல்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை ஆறரை மணிக்குச் சற்று முன்னர், சுமத்ராவை அடுத்த கடலடித் தரை பிளந்து பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. அதனால் எழுந்த சுனாமி இலங்கையை எட்ட ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், மாலத்தீவை எட்ட மூன்று மணி நேரத்திற்கு மேலும் ஆயின. அவ்வளவு அவகாசம் இருந்தும் இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தப்புவதற்குக் காலம் இருந்தது, செய்தி சொல்வாரில்லை.

அக்குறை இன்று பெரிதும் நீங்கிவிட்டது. ஹைதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் இயங்கிவரும் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம், நில அதிர்வுமானிகளையும் கடலடி அழுத்தமானிகளையும் கொண்டு சில நிமிடங்களில் முதல் அறிக்கையை வெளியிடுகிறது. அண்டைத் தீவு நாடுகளுக்கும் அனுப்புகிறது.

ஆனால் அறிக்கை அனுப்பப்படுவது வேறு. அது மக்களுக்கு விளங்குவது வேறு. அம்மையம் அபாயத்தை வார்னிங், அலர்ட், வாட்ச் என மூன்று படிகளாக வகுத்துள்ளது. முதலாவது வந்தால் கரையோர மக்கள் உள்நிலத்துக்குச் செல்லவேண்டும். இரண்டாவது வந்தால் கடற்கரையை அணுகலாகாது. மூன்றாவது வந்தால் உடனடியாகச் செய்யவேண்டுவது ஏதுமில்லை. இம்மூன்றையும் தமிழில் 'எச்சரிக்கை' என்றே பெயர்த்துவிடுதல் எளிது. கடலுக்கு வெகுதொலைவில், புனேயில் அமர்ந்து எழுதும் யானும் முதலில் அவ்வாறே எழுதிப் பின்னர் அடித்துவிட்டேன். அச்சொல்லை நம்பினால் ஓடவேண்டியவர் நிற்பர், நிற்கவேண்டியவர் ஓடுவர். ஆகவே படியின் பெயரினும் செய்யவேண்டிய செயலையே முதலில் கூறுதல் வேண்டும் என்பது எமது கருத்து. அச்செயலும் இடத்துக்கு ஏற்றதாதல் வேண்டும். மேட்டுநிலமே இல்லாத மாலத்தீவில் 'மேட்டுக்குச் செல்க' என்பதனால் பயனில்லை. 'உறுதியான கட்டடத்தின் மாடிக்கு ஏறுக' என்பதே பயன்தரும்.

நிலநடுக்கம் தோன்றும் இடத்தை அடுத்துள்ள நிக்கோபார் போன்ற தீவுகளில் அறிக்கைக்குக் காத்திருக்கவும் பொழுதிராது. அங்கு நிலத்தின் நடுக்கமே எச்சரிக்கை. சுமத்ராவை அடுத்த சிமலூ தீவினர் 1907-ஆம் ஆண்டுப் பேரழிவை 'ஸ்மோங்' என்னும் ஒரு சொல்லில் தலைமுறைதோறும் சொல்லிவந்தனர். நிலம் நடுங்கியதும் குன்றேறினர். 2004-இல் அங்கு மாண்டோர் ஏழு பேரே.

கருவிகளைப் பேணுவது விஞ்ஞானிகளின் பொறுப்பு. அவை கூறுவதை ஊரார் மொழியில் எடுத்துரைப்பது களப்பணியாளரின் கடமை. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காது ஓடவேண்டும் என்பதை மாணாக்கர் மனத்தில் பதிப்பது ஆசிரியரின் கடமை. இறுதிக் காதத்தைக் கடப்பது கருவியன்று, சொல்லே.