ஆணுறை: அரை உண்மை போதாது

ஆணுறை விளம்பரங்களைக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை ஒளிபரப்பக் கூடாது என்று மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் 2017 டிசம்பரில் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. குழந்தைகளின் நலன் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும், ஆபாசமான விளம்பரங்களுக்கு மட்டுமே கட்டுப்பாடு பொருந்தும் என்று சில நாள்களிலேயே விளக்கம் தரப்பட்டது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் அதே ஆண்டு ஏப்ரலில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தொற்று அபாயத்தைக் குறைக்கும் தகவல்களைப் பரப்புவதையும், ஆணுறை உள்ளிட்ட சாதனங்களை வழங்குவதையும் எவ்வகையிலும் தடுக்கலாகாது என்கிறது அதன் 22-வது பிரிவு. 2018 செப்டம்பர் 10 முதல் இச்சட்டம் நடைமுறையில் உள்ளது.

தயக்கம் புதிதல்ல. பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-ல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் ஏற்க மறுத்தன. பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்று 2009-ல் மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பரிந்துரைத்தது. பேசத் தயங்கும் இடத்தில் இரண்டு அரை உண்மைகள் வேரூன்றிவிட்டன. ஆணுறை முழுக் கவசம் என்பது ஒன்று. அதனால் பயனே இல்லை என்பது மற்றொன்று.

தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள நிலையில் நடந்த ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2002-ல் தொகுத்து ஆராய்ந்தது. ஒவ்வொரு முறையும் ஆணுறை அணிவோரிடம் தொற்று ஏறத்தாழ 80 சதவீதம் குறைவு என்பது அதன் முடிவு. இதை, அணிவோரில் 100-க்கு 20 பேருக்கு நோய் வரும் என்று பொருள்கொள்வது பிழை. அணியாவிடில் 100 பேருக்குத் தொற்றியிருக்கும் சூழலில், அணிந்தால் 20 பேருக்கே தொற்றும் என்பதே சரி. உடல் திரவங்கள் வழியே பரவும் வெட்டை நோய், கிளமிடியா ஆகியவற்றிலும் பாதுகாப்பு கணிசமானது.

தோலோடு தோல் உரசுவதால் பரவும் நோய்களில் பலன் குறைவு. ஹெர்பிஸ், சிபிலிஸ் புண்கள் உறை மூடாத இடத்திலும் இருக்கக்கூடும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வித்திடும் எச்.பி.வி. கிருமியும் அவ்வாறே பரவும். எனினும், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவியரிடம் நடத்தப்பட்டு 2006-ல் வெளியான ஆய்வில், துணைவர் தவறாமல் ஆணுறை அணிந்தவர்களிடம் எச்.பி.வி. தொற்று 70 சதவீதம் குறைவாக இருந்தது. எஞ்சிய அபாயத்துக்குத் தடுப்பூசி தேவை. 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்கு அதை ஊக்குவிக்கப்போவதாக மத்திய அரசு 2024 இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்தது.

பயன்பாட்டில் நேரும் பிழைகளே பெரும்பாலும் பாதுகாப்பைக் கெடுக்கின்றன. பாதியில் அணிவது, காலாவதியானதைப் பயன்படுத்துவது, பர்சில் வெப்பம் பட வைத்திருப்பது, ரப்பரைப் பலவீனமாக்கும் தேங்காய் எண்ணெயைத் தடவுவது ஆகியவை அவற்றுள் சில. இவற்றை எந்த வணிக விளம்பரமும் விளக்குவதில்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, எச்.ஐ.வி. குறித்த முழுமையான அறிவு பெற்றோர் பெண்களில் ஏறத்தாழ 22 சதவீதம், ஆண்களில் 31 சதவீதம் மட்டுமே. திருமணமான பெண்களில் ஆணுறையைக் கருத்தடை முறையாகக் கொண்டோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. கணவனிடமிருந்து நோய் பெறும் மனைவிக்கு, தற்காத்துக் கொள்ளும் வழியைக் கேட்கும் துணிவு இருப்பதில்லை, சொல்வாரும் இல்லை.

ஆணுறைக்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை, அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவும் கிடைக்கிறது. பொருளைத் தரும் அரசு, அது எந்த நோயை எந்த அளவுக்குத் தடுக்கும், எதைத் தடுக்காது, எப்படி அணிவது என்பதையும் அந்தந்த மொழியில் தெளிவாக, பகல் நேரத்திலேயே சொல்ல வேண்டும். 22-வது பிரிவை நிறைவேற்றிய நாடாளுமன்றம் அதைக் கேட்டுப் பெறக் கடமைப்பட்டுள்ளது.