கடலைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களுக்கு

நீளமான பதிவு. கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன், ஆனால் கணக்கோடு எழுதுகிறேன். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் எட்டுப் பேர், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போய் நல்லூர், நயினாதீவு பார்த்து வரலாம் என்று திட்டமிட்டோம். எட்டில் ஏழு பேர் கப்பலில் காலே வைத்ததில்லை. பாஸ்போர்ட் எல்லாம் எடுத்தாயிற்று. பேச்சு வெளியே தெரிந்த இரண்டே நாளில் திருவண்ணாமலை முழுக்க இருக்கிற அக்கறை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்து கொட்டியது. படகைக் கவிழ்க்கும் திமிங்கிலம், ஆளை இழுக்கும் சுறா, நடுக்கடலில் வழி தெரியாமல் அலையும் கப்பல். விளைவு, மூன்று பேர் விலகிவிட்டார்கள். அதில் ஒருவர் முப்பது வருடத்துக்கு மேல் உலகப்படத்தைச் சுவரில் மாட்டிப் பாடம் நடத்திய டீச்சர். அவருடைய மகன் கேட்ட கேள்வி: "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா கடலு?"

முதல் முறை போகிறவர்களுக்குப் பயம் இருக்கும். அது இயல்பு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் சண்டை பயப்படுகிறவர்களோடு இல்லை. தானும் கடலைப் பார்க்காமல், பார்க்கப் போகிறவரையும் தடுத்து, அதற்கு 'அக்கறை' என்று பெயர் வைக்கிறவர்களோடுதான்.

ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் திமிங்கிலம். நீங்கள் அனுப்பும் வீடியோவில் படகை முட்டுவது ஓர்கா. ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம், ஜிப்ரால்டர் ஜலசந்தியை ஒட்டி, 2020 முதல் ஒரு சிறு ஓர்காக் கூட்டம் பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைக்கிறது. உண்மைதான். சில படகுகள் மூழ்கியும் இருக்கின்றன. ஆனால் அதில் ஒரு மனித உயிர்கூடப் போகவில்லை. திறந்த கடலில் வாழும் ஓர்கா மனிதனைக் கொன்றதாக இதுவரை ஒரு பதிவுகூட இல்லை. பயிற்சியாளர்கள் இறந்தது மனிதன் கட்டிய தொட்டிகளில். 2025 ஆகஸ்டில் ஒரு பெண் பயிற்சியாளரை ஓர்கா கொன்றதாக வந்த வீடியோவை நம் ஊரிலும் எத்தனை பேர் பகிர்ந்தீர்கள்? அப்படி ஒரு பெண்ணே கிடையாது. கம்ப்யூட்டர் வரைந்த படம் அது. அட்லாண்டிக் கடலில் ஒரு சிறு கூட்டம் செய்கிற காரியத்தை வைத்துப் பாக் நீரிணையில் போகிற கப்பலை நிறுத்துவது, ஆப்பிரிக்காவில் சிங்கம் இருக்கிறது என்று செங்கம் பஸ்ஸை நிறுத்துவதற்குச் சமம்.

நீலத் திமிங்கிலம் முப்பது மீட்டர் வரை வளரும். உலகிலேயே பெரிய உயிர். அது தின்பது நம் வீட்டில் வறுக்கிற கூனி போன்ற பொடி இறால். இலங்கையின் தென்கரையில் மிரிஸ்ஸ என்ற ஊரில் அதைப் பார்க்கவே மக்கள் காசு கொடுத்துப் படகு ஏறுகிறார்கள். அந்தக் கடலில் உலகத்திலேயே அதிகக் கப்பல்கள் போகிற பாதைகளில் ஒன்று இருக்கிறது. அங்கே கப்பலில் அடிபட்டுச் சாவது திமிங்கிலம்தான். வீடியோவில் அது வராது.

அடுத்தது சுறா. உலகம் முழுவதும் சீண்டாமலே சுறா தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக ஆறு பேர் அளவில். அவர்களில் பெரும்பாலோர் நீந்தியவர்கள், அலைச்சறுக்கு விளையாடியவர்கள். கப்பலின் மேல்தளத்தில் நிற்பவரைச் சுறா ஏறி வந்து கடிக்காது. கடல் பாம்புக்குக் கொடிய விஷம் உண்டு. ஆனால் கடி வாங்குவது வலையிலிருந்து மீனைப் பிரிக்கும் மீனவர்தான், பயணி இல்லை. இப்போது நிலத்தின் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று ஆய்வு சொல்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தமிழ்நாட்டில் 17,884 பேர். "ஜாக்கிரதை, கப்பலில் போகாதே" என்று சொன்ன அண்ணாச்சி, ஹெல்மெட் இல்லாமல் பேரனை முன்னால் நிறுத்தி டவுனுக்குள் வண்டி ஓட்டுகிறார். அவருக்கு யாரும் வீடியோ அனுப்புவதில்லை.

மூன்றாவது, "நடுக்கடலில் வழி தவறிவிடும்" என்ற பயம். இதை மற்ற ஊர்க்காரர் சொன்னால் மன்னிக்கலாம். நம் ஊர்க்காரர் சொல்லலாமா?

பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் மலை சுற்றுகிறோம். இந்திர லிங்கம் கிழக்கு, அக்னி லிங்கம் தென்கிழக்கு, எம லிங்கம் தெற்கு, நிருதி லிங்கம் தென்மேற்கு, வருண லிங்கம் மேற்கு, வாயு லிங்கம் வடமேற்கு, குபேர லிங்கம் வடக்கு, ஈசான்ய லிங்கம் வடகிழக்கு. எட்டுத் திக்கு. வடக்கைப் பூஜ்ஜியம் என்று வைத்து 45 டிகிரியாகக் கூட்டிக்கொண்டே போனால் அதுதான் மாலுமியின் திசைகாட்டி. எட்டு லிங்கத்தையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்தவருக்குப் பாதிப் பாடம் முடிந்தது. நாகையிலிருந்து காங்கேசன்துறை ஏறக்குறைய நேர் தெற்கு. தெற்கு எமன் திசை என்று அடுத்த ஃபார்வர்டைத் தயார் செய்துவிடாதீர்கள், எமனுக்கு நம் ஊர் பைபாஸ் ரோடே போதும்.

தூரம் சுமார் 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். நாம் பஸ் ஏறிப் புதுச்சேரி போகிற தூரம்தான். பயணம் நாலு மணி நேரம் அளவில். கப்பலில் ஜி.பி.எஸ். உண்டு, ரேடார் உண்டு, ஆழம் காட்டும் கருவி உண்டு, கரையோடு பேச வி.எச்.எஃப். ரேடியோ உண்டு. வெளிநாடு போகும் பயணிகள் கப்பல் எவ்வளவு சிறியதானாலும் ஏ.ஐ.எஸ். கருவி வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்தக் கருவி கப்பலின் பெயர், இருக்கும் இடம், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். இரவில் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. எதிரே வருகிற கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்பதை விளக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். யார் யாருக்கு ஒதுங்க வேண்டும் என்று 1972ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. நம் அவலூர்ப்பேட்டை ரோட்டில் இதில் எந்த விதி இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

விளக்கு வைத்து வழி காட்டுவதும் நமக்குப் புதிதில்லை. 2,668 அடி உயர மலை உச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றி, சுற்றுவட்டாரக் கிராமம் எல்லாம் அதைப் பார்த்துக் கைகூப்புகிற ஊர் இது. பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போனீர்களே, குன்றின் மேல் ஓலக்கண்ணேஸ்வரர் கோயில் ஞாபகம் இருக்கிறதா? இப்போதுள்ள கலங்கரை விளக்கம் கட்டுவதற்கு முன் அந்தக் கோயிலின் கூரையில்தான் கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது.

"அது பெரிய கப்பல் சார், சின்னப் படகு என்றால்?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பதில் புதுச்சேரியில் இருக்கிறது. அந்த ஊரைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, இரண்டே பெண்கள், 'தாரிணி' என்ற 17 மீட்டர் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பினார்கள். உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பி வந்தார்கள். 25,000 கடல் மைலுக்கு மேல். சுற்றிலும் 2,600 கிலோமீட்டருக்கு நிலமே இல்லாத பாயின்ட் நீமோ வழியாகவும் போனார்கள். அவர்களை வாட்டியது புயலும் குளிரும் பேரலையும். மீன் இல்லை. பயிற்சியும் கருவியும் பொறுமையும் இருந்தன, வந்து சேர்ந்தார்கள். நாம் கேட்பது நாலு மணி நேரம், அதுவும் ஜன்னலோர சீட்டில்.

அப்படியென்றால் கடலில் பயப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. வானிலை. அதற்குப் பயப்படுங்கள், நானும் கூட வருகிறேன். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய இந்தக் கப்பல் சேவை சில நாட்களிலேயே பருவமழைக்காக நிறுத்தப்பட்டது. பிறகு 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. "பார்த்தீர்களா, ஆபத்து என்பதால்தானே நிறுத்தினார்கள்" என்கிறீர்கள். ஆபத்து வரும்போது நிறுத்துகிறார்கள் என்பதே பாதுகாப்புக்குச் சாட்சி. 2024 தீபத்துக்கு மண் இளகியிருக்கிறது என்று பக்தர்களை மலை ஏற விடவில்லை. அதற்காக நாம் அண்ணாமலையை ஆபத்தான சாமி என்றா சொன்னோம்?

அந்த ஆண்டு நடந்ததை மறந்துவிடக் கூடாது. வங்கக் கடலில் உருவான ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் நம் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்தன. கப்பலோட்டிய தமிழர் பெயர் கொண்ட வ.உ.சி. நகரில் ஏழு பேர் புதைந்து போனார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அவர்கள் யாரும் கடலுக்குப் போகவில்லை. வீட்டுக்குள் இருந்தார்கள். "கடல் பக்கம் போகாமல் வீட்டில் இரு, பத்திரமாக இருப்பாய்" என்று சொல்கிறவர்கள் அந்தத் தெருவில் போய் நின்று அதைச் சொல்லட்டும். கடலைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது மலையடிவாரத்தில் இருப்பவனுக்கும் பாதுகாப்பு தராது. காற்றழுத்தத் தாழ்வு எங்கே உருவாகிறது, துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது நாகை மீனவருக்கு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு நமக்கும் முக்கியம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. முகப்புப் படத்தில் ராஜேந்திர சோழன், கீழே 'கடாரம் கொண்டான் வாரிசு'. ஆயிரம் ஆண்டுக்கு முன் நம் ஆட்கள் கப்பலில் போனதை நாள்தோறும் பதிவு போடுவார்கள். தன் அம்மா கப்பலில் ஏற வேண்டும் என்றால் மட்டும் "வேண்டாம்மா". இது பெருமையா? தாத்தா நீச்சல் அடித்தார் என்று சொல்லிக்கொண்டு கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருப்பதுதான்.

நம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1983க்குப் பிறகும் 1990இலும் கைக்குழந்தையோடு, இரவில், சிறு படகுகளில் இதே நீரைத் தாண்டி வந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒரு பகுதியினர் இங்கே வாழ்கிறார்கள். துப்பாக்கியும், தாங்கும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகும்தான் அந்த இரவுகளின் பயம். அந்தக் கடலில் இன்று டிக்கெட் வாங்கிப் போக முடிகிறது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உணராமல், அதைச் சுறாக் கதை சொல்லிக் கொச்சைப்படுத்துகிறோம்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

1. அக்டோபர் பாதி முதல் டிசம்பர் வரை திட்டம் போடாதீர்கள். மற்ற மாதத்திலும் வானிலை மைய அறிவிப்பைப் பாருங்கள். பயணம் ரத்தானால் கவுன்ட்டரில் சண்டை போடாமல் நன்றி சொல்லுங்கள்.

2. உண்மையில் உங்களைப் படுத்தப் போவது கடல் மயக்கம். ஆட்டம் குறைவாக இருக்கும் நடுப்பகுதியில் உட்காருங்கள். செல்போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லி போதும், பூரி மசாலா வேண்டாம். சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள் மயக்க மாத்திரை பற்றி முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்கள். தினசரி மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்.

3. லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது, எப்படி மாட்டுவது என்பதைக் கப்பல் கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

4. ஓங்கில் கூட்டம் துள்ளினால் எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். அதிர்ஷ்டம் இருந்தால்தான் தென்படும். தென்பட்டால் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

5. ஒரு பிளாஸ்டிக் கவர்கூடக் கடலில் விழக் கூடாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கி மூச்சு முட்டியிருக்கும் என்றார்கள். பாக் விரிகுடாவில் ஆவுளியா என்கிற கடல் பசுவுக்காக 2022இல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. காப்பகம் கட்டிக் காக்க வேண்டிய நிலையில் இருப்பது அந்த உயிர்கள். அவற்றைப் பார்த்துத்தான் நீங்கள் எங்களைப் பயப்படச் சொல்கிறீர்கள்.

கடைசியாக, அக்கறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வீடியோவை அனுப்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்தக் கடல்? எந்த வருடம்? யாராவது செத்தார்களா? மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால் அழித்துவிடுங்கள். உங்கள் அம்மா, உங்கள் பெரியம்மா, உங்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்த டீச்சர் என்று யாராவது "ஒரு தடவை கப்பலில் போகணும்" என்று சொன்னால், "இந்த வயசுலயா" என்று கேட்காதீர்கள். எந்த மாதம் கடல் அமைதியாக இருக்கும் என்று பார்த்துச் சொல்லுங்கள். அதற்குப் பெயர்தான் அக்கறை.

பகிர விரும்புகிறவர்கள் தாராளமாகப் பகிரலாம். மாற்றுக் கருத்து இருந்தால் கணக்கோடு வாருங்கள், பேசலாம்.