நிலக்கரி தீர்ந்த கதை இல்லை: பத்து ஆராங் ஏன் முடங்கியது?

மலாயில் 'பத்து ஆராங்' என்றாலே நிலக்கரிதான். ரவாங்கைத் தாண்டி உள்ளே இருக்கும் சின்ன ஊர் இது. கோலாலம்பூரிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். இப்போது போனால் பழைய செங்கல் சூளையும் பாழடைந்த கட்டடங்களும்தான் கண்ணில் படும். ஆனா ஒரு காலத்துல, கோலாலம்பூருக்கு வெளிச்சம் கொடுத்ததே இந்த ஊர்தான்.

எப்படி?

1908-இல் இங்கே நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டது. 1915-இல் மலாயன் காலியரிஸ் நிறுவனம் வெட்டி எடுக்கத் தொடங்கியது. ரயில் என்ஜின், ஈயச் சுரங்கம், பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்த பங்சார் மின் நிலையம் என எல்லாவற்றுக்கும் இந்தக் கரிதான் எரிபொருள்.

வெட்டியவர்கள் யார்?

பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். இந்தியர்களும் மலாய்க்காரர்களும் உண்டு. 1937 மார்ச்சில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்து, சுரங்கத்தையே தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்தார்கள். காலனி அரசு போலீஸை அனுப்பி அதை அடக்கியது.

அப்புறம் ஏன் மூடினார்கள்?

கரி தீர்ந்துபோனதால் இல்லை. ரயிலும் மின் நிலையமும் எண்ணெய்க்கு மாறின, கரியை வாங்க ஆள் குறைந்தது. 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஒரே முதலாளியை நம்பியிருந்த ஊர் என்பதால், வேலை போனதும் மக்களும் கிளம்பிவிட்டார்கள்.

மூடியதோடு முடிந்ததா?

இல்லை. ஊருக்கு அடியில் சுரங்கப் பாதைகள் இன்னும் இருக்கின்றன. மேலே இருக்கும் மண் உள்வாங்கலாம் என்பதால், நினைத்த இடத்தில் கட்டடம் எழுப்ப முடியாது. வளர்ச்சி ரவாங் வரை வந்தும் இங்கே தயங்கி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். லாபம் எப்போதோ கைமாறிவிட்டது. ஆபத்து மட்டும் ஊர்க்காரர்களிடம் தங்கிவிட்டது.

இது உங்களுக்கு ஏன் முக்கியம்?

நீங்கள் இதைப் படிக்கும் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றியதில் நிலக்கரிக்குப் பெரிய பங்கு உண்டு. கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பார் மின் நிலையம் இறக்குமதிக் கரியை எரிக்கிறது. 2044-க்குள் நிலக்கரி மின்சாரத்தை முழுமையாகக் கைவிடுவது அரசின் இலக்கு. காற்றுக்கும் பருவநிலைக்கும் அது நல்லதுதான். ஆனால் ஒரு மின் நிலையம் மூடும்போது அங்கே வேலை செய்பவர்கள், அதை நம்பிக் கடை போட்டவர்கள், மிஞ்சும் நிலம் ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு?

பத்து ஆராங்கில் இந்தக் கேள்வியை யாரும் முன்கூட்டியே கேட்கவில்லை. இந்த முறை கேட்பதற்கு நமக்கு நேரம் இருக்கிறது.