இறால் பண்ணைக்கு ஓர் ஆணையம். உழவனுக்கு எங்கே இடம்?

காரமடை வட்டாரத்தில் கறிவேப்பிலையும் வாழையும் பயிரிடும் விவசாயிக்குக் கடலோர இறால் பண்ணைகளைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். கவலைப்படக் காரணம் உண்டு. கிணற்று நீர் கெட்டால் யாரிடம் முறையிடுவது? முறையீட்டைக் கேட்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? இந்தக் கேள்விகள் கடற்கரைக்கும் கொங்கு நாட்டுக்கும் பொதுவானவை.

1990-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் கடலோரத்தில் நெல் வயல்களை ஒட்டி இறால் பண்ணைகள் பெருகின. குட்டைகளில் தேக்கிய உப்பு நீர் கசிந்து, பக்கத்து வயல்களும் குடிநீர்க் கிணறுகளும் பாழாயின. கழிவு நீரால் மீனவர்களும் பாதிக்கப்பட்டனர். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது. விளைநிலத்தை இறால் பண்ணையாக மாற்றக் கூடாது. நீரையும் நிலத்தையும் கெடுத்தவரே நஷ்ட ஈடு தர வேண்டும். இதைக் கவனிக்க ஓர் ஆணையம் வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. பண்ணைகளைப் பதிவு செய்வதும், சோதனையிடுவதும், மாசுபடுத்தும் பண்ணையை அகற்றுவதும் அதன் பொறுப்பு. ஆனால் 1991-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்றும் அதே சட்டம் எழுதி வைத்தது. அதுவும் அந்த அறிவிக்கை பிறந்த நாள் முதலே செல்லும்படி எழுதியது. நீதிமன்றம் ஒரு கையால் கொடுத்ததைச் சட்டம் மறு கையால் வாங்கிக்கொண்டது.

ஆணையத்தில் யார் யார்? நீதிபதி, வல்லுநர்கள், அமைச்சகங்களின் சார்பினர், கடலோர மாநிலங்களின் சார்பினர் என்று 2005 சட்டம் பட்டியலிட்டது. பக்கத்து வயல்காரருக்கோ மீனவருக்கோ ஓர் இடம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. குற்றம் நடந்தால் ஆணையத்தின் அதிகாரி எழுத்து மூலம் புகார் தந்தால்தான் நீதிமன்றம் விசாரிக்க முடியும் என்றும் அச்சட்டம் வகுத்தது. கிணறு பாழானவர் தாமே நீதிமன்றத்தில் புகார் தர அதில் வழியில்லாமல் இருந்தது. 2023-இல் வந்த திருத்தம் சிறைத் தண்டனையையும் நீக்கிவிட்டது.

இறால் வளர்ப்பே கூடாது என்பது வாதமன்று. அத்தொழிலை நம்பிப் பல சிறு குடும்பங்கள் பிழைக்கின்றன. தொழிலுக்கு அனுமதி தரும் கையே தவறையும் தண்டிக்க வேண்டுமென்றால், அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் வெளியிலிருந்து வர வேண்டும் என்பதே வாதம்.

கொங்கு நாட்டு அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, நொய்யல் கரை நிலங்கள் கெட்டன. சூழல் இழப்புக்கு நஷ்ட ஈடு கணக்கிடும் ஆணையம், 1996 ஆகஸ்ட் 28-இல் வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக ஏற்பட்டது. நொய்யல் விவசாயிகளின் நஷ்டத்தைக் கணக்கிட்டதும் அந்த ஆணையமே. அப்படியும் சாயப்பட்டறைகளை மூட 2011-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. ஆணையம் இருப்பது வேறு, அது அசைவது வேறு.

ஆகவே மூன்று காரியங்கள் அவசியம். நீரையும் நிலத்தையும் காக்கும் எந்த ஆணையத்திலும் பாதிக்கப்படும் விவசாயிக்கும் மீனவருக்கும் இடம் வேண்டும். சோதனை முடிவுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். புகாருக்கு இத்தனை நாளில் பதில் என்று கெடு வேண்டும்.

விவசாயிகள் செய்ய வேண்டியதும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒரு தடவையும் மழைக்குப் பின் ஒரு தடவையும், கிணற்று நீரின் உப்பளவைப் பரிசோதித்துச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். நீர் நன்றாக இருந்த காலத்துச் சீட்டு இல்லாதவர், அது கெட்டதை நிரூபிக்க முடியாது. சந்தேகம் வந்தால் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 30 நாளில் பதில் தர வேண்டியது அதிகாரியின் கடமை.

கேட்பவர் இல்லாத ஊரில் ஆணையம் தூங்கும். கையில் சீட்டோடு கேட்பவர் பத்துப் பேர் இருந்தால் அது விழித்தே தீரும்.