மெதுவாகச் செல்வதும் அறிவியல்தான்

உங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு தகவல் வந்திருக்கலாம்: "நீரிழிவுக்கு இனி ஊசி வேண்டாம். ஸ்டெம் செல் சிகிச்சை வந்துவிட்டது!" அதைப் படித்த அம்மா, "நீதான் அறிவியல் படிக்கிறாயே, இது உண்மையா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

உண்மை என்று சொன்னாலும் தவறு, பொய் என்று சொன்னாலும் தவறு. சரியான பதிலைச் சொல்லக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை அறிவியலுக்குத் தடை இல்லை. அதுவே அறிவியலின் ஒரு பகுதி என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறோம். பொருத்தமான பெயர். வாழைக் குருத்து விரிந்து இலையாவதுபோல், குருத்தணு வளர்ந்து உடலுக்குத் தேவையான வேறு வகை உயிரணுவாக மாறும். தன்னைப் போன்ற இன்னொரு குருத்தணுவையும் அது உருவாக்கும். உங்கள் எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்களிலிருந்து ஒவ்வொரு நொடியும் இரண்டு மில்லியனுக்கும் அதிகமான சிவப்பணுக்கள் உருவாகின்றன. இந்தப் பத்தியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் பல மில்லியன் புதிய அணுக்கள் உங்கள் ரத்தத்தில் சேர்ந்திருக்கும்.

மஜ்ஜையில் உள்ள இந்த ஆற்றலை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறார்கள். ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு மஜ்ஜை மாற்றும் முறையை வளர்த்தெடுத்த அமெரிக்க மருத்துவர் டோனால் தாமசுக்கு 1990இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆனால் மஜ்ஜைக் குருத்தணு ரத்த அணுக்களைத்தான் உருவாக்கும். கண், மூளை, கணையம் என எந்த உறுப்பின் அணுவாகவும் மாறக்கூடிய குருத்தணு கருவின் தொடக்க நிலையில்தான் இருக்கிறது. மனிதக் கருவிலிருந்து அத்தகைய அணுக்களைப் பிரித்தெடுக்கும் முன்னோடி ஆய்வு 1994இல் சிங்கப்பூரிலேயே, தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆரிஃப் போங்சோவின் குழுவால் நடத்தப்பட்டது. 1998இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் அவற்றை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துக் காட்டினார்.

கருவைப் பயன்படுத்துவது சரியா என்ற விவாதம் எழுந்தது. அதற்கு ஜப்பானின் ஷின்யா யாமனாக்கா 2006இல் ஒரு புதிய வழியைக் கண்டார். எலியின் தோல் அணுக்களில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அவற்றை மீண்டும் குருத்தணுவின் நிலைக்கே கொண்டுசென்றார். மறு ஆண்டு மனித அணுக்களிலும் அதைச் செய்தார். 2012இல் அவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த நான்கு மரபணுக்களில் ஒன்று புற்றுநோயுடன் தொடர்புடையது. வேகமாகப் பெருகும் ஆற்றல்தான் குருத்தணுவின் பலம். கட்டுக்கு அடங்காமல் பெருகினால் அதுவே ஆபத்து.

ஒரே இதழ், இரண்டு அறிக்கைகள்

2017 மார்ச் 16ஆம் தேதி வெளிவந்த 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்னும் மருத்துவ இதழில் இரண்டு ஆய்வறிக்கைகள் அடுத்தடுத்து இடம்பெற்றன. இரண்டும் ஒரே நோயைப் பற்றியவை. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்து பார்வை மங்கும் நோய் அது.

முதல் அறிக்கை ஜப்பானிலிருந்து வந்தது. மசாயோ தக்காஹாஷி என்ற கண் மருத்துவரின் குழு, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் தோல் அணுக்களை யாமனாக்காவின் முறையில் குருத்தணுக்களாக மாற்றியது. அவற்றிலிருந்து விழித்திரை அணுக்களை மெல்லிய படலமாக வளர்த்தது. விலங்குகளிடம் சோதித்து, மரபணுக்களையும் ஆராய்ந்த பிறகு, 2014 செப்டம்பரில் அந்தப் படலம் அவரது ஒரு கண்ணில் மட்டும் பொருத்தப்பட்டது. ஓராண்டுக்குப் பின் அவரது பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கட்டி எதுவும் தோன்றவில்லை.

இரண்டாவது நோயாளிக்கும் அணுக்கள் தயாராயின. ஆனால் அவற்றின் மரபணுக்களில் சில மாற்றங்கள் தென்பட்டன. அவை தீங்கு செய்யும் என்று உறுதியாகவில்லை. இருந்தும் அந்த அறுவை சிகிச்சை நடக்கவில்லை. உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு முயற்சி அத்துடன் நிறுத்தி வைக்கப்பட்டது.

இரண்டாவது அறிக்கை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைப் பற்றியது. 72 முதல் 88 வயது வரையிலான மூன்று பெண்கள் ஒரு தனியார் மருந்தகத்துக்குச் சென்றார்கள். அவர்களது வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களை, "இவை குருத்தணுக்கள்" என்று சொல்லி, இரு கண்களிலும் ஒரே நாளில் ஊசிமூலம் செலுத்தினார்கள். ஒவ்வொருவரும் 5,000 அமெரிக்க டாலர் கட்டியிருந்தார்கள். சில நாள்களில் கண்ணில் ரத்தக் கசிவு ஏற்பட்டது, விழித்திரை பிரிந்தது. மூவருமே பார்வையைப் பெரும்பாலும் இழந்தார்கள். ஒருவருக்கு வெளிச்சம்கூடத் தெரியாமல் போனது.

இந்த இரண்டு அறிக்கைகளில் எது வெற்றி? ஜப்பானியப் பாட்டிக்குப் பார்வை திரும்பவில்லை. அடுத்த நோயாளிக்குச் சிகிச்சையே நடக்கவில்லை. ஆனாலும் என்னைக் கேட்டால் அதுதான் வெற்றி. முதலில் ஒரு கண்ணில் மட்டும் செய்து பார்த்தார்கள். சந்தேகம் வந்தவுடன் நிறுத்தினார்கள். நடந்ததை மறைக்காமல் எழுதினார்கள். பின்னர் வந்த ஆய்வாளர்கள் அந்த அனுபவத்தின்மேல் நின்றுதான் முன்னேறுகிறார்கள்.

"நோயாளியால் காத்திருக்க முடியுமா?"

நீங்கள் இப்படிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பார்வை நாளுக்கு நாள் மங்கும் ஒருவரிடம், இன்னும் பத்தாண்டுகள் பொறுங்கள் என்று சொல்வது கொடுமை. ஃபுளோரிடாவுக்குச் சென்ற அந்தப் பெண்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சிகிச்சை அரசாங்க ஆய்வுப் பட்டியல் இணையத்தளத்திலேயே இடம்பெற்றிருந்தது. நம்பியதில் அவர்களது குற்றம் இல்லை.

அவசரத்தில் இருப்பவர்தான் எளிதில் ஏமாற்றப்படுவார். அதனால்தான் அவருக்காக வேறு யாராவது பொறுமையாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் இத்தகைய உயிரணுச் சிகிச்சைப் பொருள்கள் 2021 மார்ச் முதல் தனி விதிமுறைகளின்கீழ் சுகாதார அறிவியல் ஆணையத்தால் கட்டுப்படுத்தப்படுகின்றன. இதை முன்னேற்றத்துக்குத் தடை என்று சிலர் குறைகூறுவதுண்டு. அந்த மூன்று பெண்களின் கதையைப் படித்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்கு என்ன பதில்?

இப்போது அந்த வாட்ஸ்அப் தகவலுக்கு வருவோம். அதில் உண்மை இருக்கிறது. குருத்தணுக்களிலிருந்து வளர்த்த, இன்சுலின் சுரக்கும் அணுக்களை முதல் வகை நீரிழிவு நோயாளிகளுக்குச் செலுத்திய ஆய்வின் முடிவு 2025இல் வெளியானது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டுக்குப் பிறகு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. மகிழ்ச்சியான செய்தி.

ஆனால் 12 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அவர்கள் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். அதனால் தொற்றுநோய் அபாயம் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளுக்குப் பெரும்பாலும் இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. அது வேறு காரணத்தால் வருவது. இந்த ஆய்வு அதைப் பற்றியது அன்று.

எனவே குருத்தணு பற்றிய எந்தச் செய்தியைப் பார்த்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்த நோய்க்கு? எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? முடிவை எங்கே வெளியிட்டார்கள்? ஆய்வில் சேர நோயாளியிடமே பெரும் பணம் கேட்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்பது பதிலானால் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள்.

எல்லாவற்றுக்கும் காத்திருக்கத்தான் வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். மஜ்ஜைக் குருத்தணு தானம் இன்றே உயிர் காக்கிறது. உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை நோயாளிக்குப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. குடும்பத்தில் யாரும் பொருந்தாவிட்டால், அதே இனத்தைச் சேர்ந்த வேறொருவரின் மஜ்ஜை பொருந்தும் வாய்ப்புத்தான் அதிகம். ஓர் இந்திய நோயாளி பெரும்பாலும் இன்னோர் இந்தியரைத்தான் நம்பியிருக்கிறார். சிங்கப்பூரில் 17 வயதானதும் நன்கொடையாளர் பட்டியலில் சேரலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து மாதிரி எடுப்பார்கள், அவ்வளவுதான்.

இன்று இரவு உணவின்போது அம்மாவிடம் இரண்டையும் சொல்லுங்கள். அந்தத் தகவலை இப்போதைக்கு மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களுக்கு 17 வயதானதும் அந்தப் பட்டியலில் சேர விரும்புவதாகவும் சொல்லுங்கள்.