வீட்டு வைஃபையில் இருப்பது யார்? நாமே எடுக்க வேண்டிய கணக்கு

போர்க்காலத்தில் வீட்டில் தங்கியிருப்போரின் பெயர்ப் பட்டியலைப் பொலிஸாருக்கும் படையினருக்கும் கொடுத்துப் பழகிய சமூகம் நாம். இன்று எமது வீடுகளில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. இணைய ரவுட்டர் தானாகவே எழுதி வைக்கும் அந்தப் பட்டியலை எம்மில் பலர் ஒரு தடவையேனும் திறந்து பார்த்ததில்லை.

அதில் என்ன முக்கியம்? வீட்டுக்குள் ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனி ஐ.பி. முகவரி உண்டு. ஆனால் வெளியே அவை பெரும்பாலும் ஒரே முகவரியாகவே தெரியும். உங்கள் வைஃபையில் இருந்து யார் எதைப் பதிவிட்டாலும், தேடி வருபவர்கள் முதலில் தட்டுவது இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரது கதவைத்தான். முகநூல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் கைதானதை மட்டக்களப்பில் கண்டோம். 2024 பெப்ரவரி 1 முதல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பங்களுக்கு இது வெறும் தொழில்நுட்ப விடயம் அல்ல.

பட்டியலைப் பார்ப்பது கடினமில்லை. கைபேசியின் வைஃபை அமைப்பில் உங்கள் இணைப்பின் பெயரை அழுத்தினால், கேட்வே அல்லது ரவுட்டர் என்ற வரியில் 192.168.1.1 போன்ற ஓர் இலக்கம் இருக்கும். அதை பிரவுசரில் தட்டச்சு செய்யுங்கள். நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் வழக்கமாக ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே இணைந்துள்ள சாதனங்கள் என்ற பகுதியில் ஒவ்வொன்றின் பெயர், ஐ.பி. முகவரி, 12 எழுத்துக்களும் இலக்கங்களும் கொண்ட மெக் முகவரி ஆகியன தெரியும்.

மெக் முகவரியின் முதல் 6 இடங்கள் தயாரித்த நிறுவனத்தைக் குறிப்பவை. ஆனால் அண்ட்ரொய்ட் 10, ஐ.ஓ.எஸ். 14 முதல் கைபேசிகள் வழமையாகவே மாற்று மெக் முகவரியைக் காட்டுவதால் இதை மட்டும் நம்ப முடியாது. நான் கையாளும் வழி எளிது: வீட்டிலுள்ள சாதனங்களின் வைஃபையை ஒவ்வொன்றாக நிறுத்தி, எந்த வரி மறைகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வேன். சில ரவுட்டர்களில் வரி மறையச் சிறிது நேரம் எடுக்கும். கடைசியில் ஆளில்லாமல் மிஞ்சும் வரியே கேள்விக்குரியது.

அப்படி மிஞ்சுவதைக் கண்டு உடனே புலனாய்வாளர் என்று பதற வேண்டாம். அநேகமாக அது பக்கத்து வீட்டுப் பொடியனின் போனாகவோ, மறந்துபோன கண்காணிப்புக் கமராவாகவோ இருக்கும். எதுவானாலும் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரவுட்டருக்குள் நுழையும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வந்து போவோருக்கு விருந்தினர் இணைப்பைத் தனியாகத் திறந்து கொடுங்கள். கமராவுடன் வந்த கடவுச்சொல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். இந்தப் பட்டியல் வீட்டுக்குள் இருப்பதை மட்டுமே காட்டும். இணைய நிறுவனத்தின் மட்டத்திலோ கைபேசிக்கு உள்ளேயோ நடக்கும் கண்காணிப்பை இது காட்டாது. அதற்கு எதிரான பாதுகாப்பு சட்டத்தில் இருந்துதான் வர வேண்டும். அந்தக் கோரிக்கையை நாம் கைவிட முடியாது. ஆனால் எமது கூரையின் கீழ் யார் இணைந்திருக்கிறார் என்பதை அறிய எவருடைய அனுமதியும் தேவையில்லை. மாதம் ஒருமுறை பத்து நிமிடம் போதும்.