கோடை விடுமுறையும் ஹஜ் மாதமும்: ரியாத் செல்லும் குடும்பங்களின் கவனத்திற்கு

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நம் ஊர்களில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. ரியாத்தில் இருக்கும் வாப்பாவைப் பார்க்கப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். பத்து வருடங்களுக்கு முன்பு இப்படிப்பட்ட குடும்பங்கள் பல இகாமாவோடு அங்கேயே வசித்தன.

அதை மாற்றியது 2017 ஜூலையில் சவூதி அரசு கொண்டுவந்த குடும்பக் கட்டணம். குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கி, வருடம் 100 வீதம் ஏறி, 2020 ஜூலையில் 400 ரியாலானது. மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் வருடத்துக்கு 19,200 ரியால். நம் பணத்தில் நாலு லட்சத்தைத் தாண்டும். நடுத்தரச் சம்பளம் வாங்கும் சபராளி என்ன செய்வார்? குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, விடுமுறைக்கு விசிட் விசாவில் வரவழைக்கிறார். சொந்த வாப்பாவின் வீட்டுக்கே பிள்ளைகள் விருந்தாளிகளாகப் போகிறார்கள்.

இந்த விசிட்டில் இப்போது ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. ஹிஜ்ரி ஆண்டு வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், நம் கோடை விடுமுறையும் ஹஜ் காலமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. 2025இல் துல்கஃதா முதல் நாளான ஏப்ரல் 29 தொடங்கி துல்ஹிஜ்ஜா 14 வரை விசிட் விசாக்காரர்கள் மக்காவுக்குள் நுழையவோ தங்கவோ தடை இருந்தது. நம் பள்ளிகளின் விடுமுறையும் ஏறக்குறைய அதே நாட்கள்தான். 2026இல் ஹஜ் மே மாதக் கடைசியில், 2027இல் மே நடுவில். ஆகவே இன்னும் சில வருடங்களுக்கு இதே நிலைதான்.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டு கஅபாவைப் பார்க்காமல் திரும்புவதா?" என்ற ஏக்கம் இங்கேதான் ஆபத்தாக மாறுகிறது. கூட வந்த வயதான உம்மா கண்கலங்கிக் கேட்கும்போது எந்த மகனுக்கு மறுக்க மனம் வரும்? செக்போஸ்ட்டைச் சுற்றிக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லும் டிரைவர்களும் கிடைக்கிறார்கள்.

2024 ஹஜ்ஜை நினைத்துப் பாருங்கள். மக்காவில் வெயில் 51 டிகிரியைத் தாண்டியது. வஃபாத்தானவர்கள் 1,301 பேர் என்றும், அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் வந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. அனுமதி இல்லாதவருக்கு மினாவில் கூடாரம் கிடையாது, பஸ் கிடையாது. கொளுத்தும் வெயிலில் நடந்தே சரிந்தவர்கள் அவர்கள். அதற்குப் பிறகுதான், 2025 பிப்ரவரியில், இந்தியா உட்பட 14 நாடுகளுக்கு மல்டிபிள் என்ட்ரி விசிட் விசாவே நிறுத்தப்பட்டது. சிலர் செய்ததற்கு வாப்பாவைப் பார்க்கப் போகும் பிள்ளைகளும் விலை கொடுத்தார்கள்.

2025இல் அறிவித்த அபராதம், அனுமதி இல்லாமல் ஹஜ் செய்ய முயல்பவருக்கு 20,000 ரியால் வரை. அவருக்கு விசிட் விசா எடுத்துக் கொடுத்தவருக்கு 1,00,000 ரியால் வரை. விசா எடுத்தவர் யார்? அந்த வீட்டின் வாப்பாதான்! ஒரு குடும்பத்தின் பல வருடச் சம்பாத்தியம் ஒரே நாளில் போய்விடும்.

"அல்லாஹ்வின் வீட்டுக்குப் போக அரசின் அனுமதி எதற்கு?" என்று ஜும்ஆ முடிந்ததும் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. கேள்வியில் உணர்ச்சி இருக்கிறது, ஃபிக்ஹ் இல்லை. ஹஜ் கடமையாவது சக்தி பெற்றவர் மீதுதான். கூட்டத்தைக் கட்டுப்படுத்தி உயிர்களைக் காக்கும் சட்டத்துக்கு உட்பட்டுப் போய்ச் சேர முடிவதும் அந்தச் சக்தியில் அடங்கும். அனுமதியின்றி ஹஜ்ஜுக்குச் செல்வது கூடாது, அது பாவம் என்று சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 2024 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. வாய்ப்பு வரும்வரை காத்திருக்கும் உம்மாவின் மீது எந்தக் குற்றமும் இல்லை.

கோடையில் போகிறவர்கள் ரியாத்தில் பிள்ளைகளோடு இருப்பதையே நோக்கமாக வைத்துக்கொள்ளலாம். வாப்பா வேலையில் இருக்கும்போது உம்மாவும் பிள்ளைகளும் ஃபிளாட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த நிலையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோவுக்கு ஆறு வழித்தடங்கள் இருக்கின்றன. கார் இல்லாமலும் வெளியே போய் வரலாம்.

உம்ராவும் வேண்டும் என்பவர்கள் டிசம்பர் அரையாண்டு விடுமுறையைப் பாருங்கள். கிடைப்பது பத்து நாள் போலத்தான். ஆனால் வெயில் இருக்காது, ஹஜ் காலத் தடையும் இருக்காது. ரியாத்திலிருந்து மக்கா கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர், காரில் ஒரு பகல் பொழுது ஆகிவிடும். நுசுக் செயலியில் உம்ரா அனுமதியைக் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். வாப்பாவின் லீவு எந்தத் தேதியில் கிடைக்கும் என்று உறுதியான பிறகு விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.